வேலைக்குள் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக வேலையில் விளையாட்டு உத்திகளைச் சேர்ப்பது பற்றிக் குழுத் தலைவர்களும் மனிதவளத் துறையினரும் பல ஆண்டுகளாக என்னிடம் கேள்வி கேட்டு வருகிறார்கள். அண்மைக் காலமாக ஊழியர்களும் கேட்கிறார்கள், பெரும்பாலும் கவலையோடு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

விளையாட்டாக்கம் என்றால் என்ன?

நல்ல விளையாட்டு எதுவானாலும் ஆடுகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். செய்தது பலித்ததா இல்லையா என்பது உடனே தெரியும். கை பழகப் பழக அடுத்த கட்டம் கொஞ்சம் கடினமாகும். பெரும்பாலான வேலைகளில் இவை எதுவும் இல்லை. மாதக் கணக்கில் உழைத்தும் நன்றாகச் செய்கிறோமா என்று தெரியாமலேயே பலர் வீடு திரும்புகிறார்கள். அந்தக் குறையை விளையாட்டிலிருந்து கற்ற உத்திகளால் நிரப்ப முயல்வதே விளையாட்டாக்கம். ‘கேமிஃபிகேஷன்’ என்ற சொல்லை 2002இல் உருவாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த நிரலாளர் நிக் பெல்லிங் என்பார்கள். 2010 வாக்கில் அது நிறுவனங்களிடையே பரவியது.

புள்ளி, பேட்ஜ், தரவரிசைப் பலகை ஆகிய மூன்றும் எளிதில் கண்ணில் படுவதால் அவையே விளையாட்டு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நண்பர்கள் இருவர் உட்கார்ந்து சதுரங்கம் ஆடும்போது பேட்ஜ் கிடையாது, பலகையில் பெயரும் ஏறாது. ஆனாலும் நேரம் போவதே தெரிவதில்லை. அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதே முதல் வேலை.

இது புதிய மேலாண்மை உத்தியா?

பெயர்தான் புதிது. 1935 ஆகஸ்ட் கடைசியில் சோவியத் சுரங்கத் தொழிலாளி அலெக்ஸி ஸ்டகானோவ் ஒரே ஷிஃப்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. ஒரு ஷிஃப்டுக்கு விதிக்கப்பட்டிருந்த அளவு 7 டன். சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் வேலையைச் செய்ய அவருக்குத் துணையாட்கள் இருந்தார்கள். அந்த விவரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சாதனை மட்டும் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. சாதனையாளர்களுக்குப் பதக்கமும் புகழும் கிடைத்தன. அடுத்த ஆண்டே பல தொழில்களில் எல்லோருக்குமான உற்பத்தி அளவு உயர்த்தப்பட்டது. வேகமாக வேலை செய்து காட்டியவர் மீது சக தொழிலாளிகளுக்கு ஏன் கோபம் வந்தது என்பதை விளக்கவே வேண்டாம். இன்றைய ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ திட்டங்கள் பலவற்றிலும் இதே கோபம் உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிரானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. சமூகவியலாளர் டொனால்ட் ராய் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்று நாள் முழுவதும் துண்டுகளை வெட்டித் தள்ளும் வேலை பார்த்தார். சலிப்பில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இந்த நிறத்தில் இத்தனை துண்டுகள் முடித்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம் என்று தனக்குத் தானே ஓர் ஆட்டத்தை வகுத்துக்கொண்டார். பிறகுதான் கவனித்தார், உடன் வேலை செய்தவர்களும் நாளைச் சிறு சிறு சடங்குகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் தினமும் திருடித் தின்பதும், அதற்காகத் தினமும் ஒரு சண்டை நடப்பதும் அவற்றில் ஒன்று. 1959இல் இதை அவர் எழுதி வெளியிட்டார். அந்த ஆட்டத்தை எந்த மேலாளரும் வடிவமைக்கவில்லை. விளையாட்டு ஊழியர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு இடம் விடுகிறோமா என்பதே கேள்வி.

நன்றாக அமைந்த இடங்களில் இது ஏன் பலிக்கிறது?

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் பிறக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, கைத்திறன் கூடுகிறது என்ற உணர்வு, மற்றவரோடு பிணைப்பு. நல்ல விளையாட்டு மூன்றையும் தருகிறது.

வேலைக்குள் வரும்போது பெரும்பாலும் இரண்டாவது தேவை மட்டுமே கவனிக்கப்படுகிறது. புள்ளி ஏறினால் திறன் ஏறுவதாகக் காட்டிவிடலாம். முதலாவது எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில், தோற்றுப்போன திட்டங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் சறுக்கின.

பணமோ பரிசோ கொடுத்துவிட்டால் போதாதா?

நியாயமான சம்பளம் முதலில் வர வேண்டும். அது இல்லாத இடத்தில் பேட்ஜ் கொடுப்பது பசித்தவருக்குப் பொம்மை கொடுப்பது போன்றது. அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது.

1971இல் டெசி கல்லூரி மாணவர்களுக்குக் கனசதுரத் துண்டுகளால் ஆன புதிர்களைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு இடையில் ஒரு நாள் மட்டும், தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் தந்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடும் ஆர்வம் அந்தப் பிரிவினரிடம் குறைந்தது. 1973இல் மார்க் லெப்பரும் சகாக்களும் படம் வரைவதில் ஆசை கொண்ட சின்னக் குழந்தைகளிடம் இதையே சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை.

ஆகவே, ஒருவர் ஏற்கெனவே விரும்பிச் செய்யும் வேலைக்கு ‘இதைச் செய்தால் இது’ என்று விலை குறிக்காதீர்கள். எதிர்பாராத பாராட்டு தீங்கு செய்வதில்லை. யாருக்கும் பிடிக்காத, ஆனால் செய்தே தீர வேண்டிய வேலைக்குச் சிறு பரிசு வைப்பதிலும் தவறில்லை. அங்கே கெடுவதற்கு ஆர்வம் என்று ஒன்று இல்லையே.

தரவரிசைப் பலகை வைக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எல்லோர் பெயரையும் வரிசைப்படுத்தி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டும் பலகை வேண்டாம் என்பதே என் பதில்.

இருபது பேர் கொண்ட குழுவில் பலகை யாரை ஊக்குவிக்கிறது என்று பாருங்கள். முதல் மூன்று பேருக்கு மகிழ்ச்சி. நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருப்பவர்கள் எட்டிப் பிடிக்க முயல்வார்கள். மற்ற பதினைந்து பேருக்கும் அது தினமும் சொல்வது ஒரே செய்தி: நீ பின்னால் இருக்கிறாய். அவர்களில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், இன்னொருவர் மற்றவர்கள் தொடத் தயங்கும் கடினமான வேலையை ஏற்றுக்கொண்டவராக இருக்கலாம். பலகைக்கு அது தெரியாது.

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் விடுதிகளின் சலவைப் பிரிவில் ஒவ்வொருவரின் வேகத்தையும் பெயரோடு திரையில் காட்டினார்கள். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மின்னணுச் சாட்டை’. கழிவறைக்குப் போகவும் தயங்கியதாகச் சிலர் சொன்னது 2011இல் செய்தித்தாளில் வந்தது. கல்வித் துறையிலும் இதே படிப்பினை உண்டு. மைக்கேல் ஹேனஸ், ஜெஸ்ஸி ஃபாக்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பேட்ஜும் தரவரிசையும் வைத்து நடத்தப்பட்ட கல்லூரி வகுப்பில் மாணவர்களின் ஊக்கம் நாளடைவில் மற்ற வகுப்பைவிடக் குறைந்தது, இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தது.

ஒப்பீடு வேண்டியே இருந்தால், ஒருவரின் இந்த வாரத்தை அவருடைய போன வாரத்தோடு ஒப்பிட்டு அவருக்கு மட்டும் காட்டுங்கள். அல்லது குழு முழுவதும் சேர்ந்து எட்ட வேண்டிய ஓர் இலக்கை வையுங்கள். ‘நாம் இன்னும் நாற்பது முடித்தால் போதும்’ என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்து மேசைக்காரர் எழுந்து உதவிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். தனிநபர் பலகை தொங்கும் அறையில் அந்தக் காட்சி அரிது.

ஊழியர்கள் புள்ளிக்காக வேலையைக் கெடுத்துவிட மாட்டார்களா?

கெடுப்பார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், முடித்துவைக்கும் டிக்கெட் (வாடிக்கையாளரின் புகார்ப் பதிவு) ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி என்று அறிவித்தோம். இரண்டே வாரத்தில் எண்ணிக்கை வானத்தைத் தொட்டது. மூன்றாவது வாரத்தில் ஒரு மூத்த ஊழியர் தனியே அழைத்துப் பழைய டிக்கெட்டுகளைத் திறந்து காட்டினார். சிக்கல் தீராமலேயே ‘தீர்ந்தது’ என்று மூடியிருந்தார்கள், அதே வாடிக்கையாளர் மறுநாள் மீண்டும் புகார் செய்ய அது இன்னொரு டிக்கெட்டாகி இன்னொரு பத்துப் புள்ளியைத் தந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பேசிச் சிக்கலை வேரோடு தீர்த்த அந்த மூத்தவர் பட்டியலின் அடியில் இருந்தார். அன்று நான் பட்ட வெட்கம் இன்றும் நினைவிருக்கிறது. அந்த விதியை எழுதியவன் நான்.

பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்ன ஒரு கருத்து இன்று அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. அதன் சாரம், ஓர் அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்குகளின் நெருக்கடியால் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். இலக்கு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு ஆழமாக அது வெட்டும்.

எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுத்தால் அதன் பக்கத்திலேயே தரத்துக்கான ஓர் அளவையும் வையுங்கள். எங்கள் பிரிவில் பிறகு, ஏழு நாள் வரை மீண்டும் திறக்கப்படாத டிக்கெட்டை மட்டும் கணக்கில் எடுத்தோம். சக ஊழியருக்கு உதவியதற்கும் மதிப்புக் கொடுத்தோம். விதியை அறிவிக்கும் முன் குழுவில் மிகவும் கெட்டிக்காரரான ஒருவரிடம், ‘இதை ஏமாற்றிப் புள்ளி சேர்க்க வழி சொல்லுங்கள்’ என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் வழி கிடைத்தது.

எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹைசிங்கா 1938இலேயே விளையாட்டின் முதல் இலக்கணமாகச் சுதந்திரத்தை வைத்தார். கட்டளைக்குப் பணிந்து ஆடுவது விளையாட்டே அல்ல என்பது அவர் நிலை. ஈத்தன் மாலிக், நான்சி ராத்பார்ட் என்ற இரு மேலாண்மை ஆய்வாளர்கள் விற்பனை ஊழியர்களிடையே கூடைப்பந்துச் சாயலில் ஒரு விளையாட்டை நடத்திப் பார்த்தார்கள். அதை மனமார ஏற்றவர்களுக்கு வேலை நேரம் மகிழ்ச்சியாக இருந்தது. ஏற்காதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாயிற்று. விளையாட்டு ஒன்றுதான், சம்மதம்தான் வேறு.

‘விருப்பமிருந்தால் சேரலாம்’ என்று சொல்லிவிட்டுச் சேராதவரை மேலாளர் புருவம் உயர்த்திப் பார்த்தால் அதுவும் கட்டாயமே.

சேரும் புள்ளிகளை அப்ரைசலில் கணக்கிடலாமா?

வேண்டாம். சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் எண் விளையாட்டுப் புள்ளியல்ல, பணிமதிப்பீடு. அதற்குரிய கண்ணியத்தோடும் முறையீட்டு வழியோடும் அதைத் தனியாக நடத்துங்கள். தோற்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில்தான் ஒருவர் துணிந்து புதிதாக ஒன்றை முயல்வார். புள்ளிகள் மனிதவளத் துறையின் கோப்புக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள்.

உண்மையாகவே வெற்றி பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறதா?

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7 வெளியீட்டுக்கு முன் செய்தது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். மென்பொருளின் திரைகள் 36 மொழிகளில் பெயர்க்கப்பட்டிருந்தன. பிழை பார்க்க, அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஊழியர்களை, அவர்கள் எந்தத் துறையில் இருந்தாலும், விளையாட அழைத்தார்கள். சுமார் 4,500 பேர் தாமாக முன்வந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட திரைகளைப் பார்த்தார்கள். ஜப்பான் அலுவலகம் இதற்காகவே ஒரு நாளை ஒதுக்கியது.

இது ஏன் பலித்தது? அது யாருடைய அன்றாட வேலையும் அல்ல, ஆகவே தோற்றாலும் வேலைக்கு ஆபத்தில்லை. தன் மொழி பிழையின்றி வர வேண்டும் என்ற அக்கறை ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது. விளையாட்டு அதற்கு ஒரு வாசலைத் திறந்தது, அவ்வளவே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான ஃபோல்டிட் விளையாட்டும் இதைப் போன்றதே. புரதங்களை மடித்துப் பார்க்கும் இந்த விளையாட்டில், குரங்குகளைத் தாக்கும் எய்ட்ஸ் வகை வைரஸ் ஒன்றின் நொதி வடிவத்தைச் சாதாரண ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் கண்டுபிடிக்க உதவினார்கள். விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகத் தவித்த புதிர் அது.

எந்த வேலைகளில் இதைத் தொடவே கூடாது?

பாதுகாப்பில். ‘விபத்தில்லாமல் இத்தனை நாட்கள்’ என்று பலகை மாட்டி, எண் நூறைத் தொட்டால் எல்லோருக்கும் பரிசு என்று அறிவிக்கும் தொழிற்சாலைகள் உண்டு. தொண்ணூற்றெட்டாம் நாள் ஒருவர் விரலை நசுக்கிக்கொண்டால் என்ன செய்வார்? கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். விபத்து குறையாது, விபத்துச் செய்திதான் குறையும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2012இல் இத்தகைய பரிசுத் திட்டங்கள் குறித்து எச்சரித்தது. பாதுகாப்பில் விளையாட்டு வேண்டுமென்றால், கண்டுபிடித்துச் சொன்ன ஆபத்துகளுக்குப் புள்ளி கொடுங்கள், மறைத்தவற்றுக்கு அல்ல.

நோயாளி, குழந்தை, துயரத்தில் இருப்பவர் ஆகியோரோடு நேரடியாகப் பழகும் வேலைகளிலும் வேகத்துக்குப் புள்ளி வைக்காதீர்கள். பயிற்சி, புதியவர்களுக்கான அறிமுகம், தரவுகளைச் சுத்தம் செய்வது, பிழை தேடுவது போன்றவை நன்றாகப் பொருந்தும்.

மூத்த ஊழியர்களுக்கு இது பிடிக்குமா? ஆளுக்கு ஆள் ரசனை மாறுமே?

வயதைவிட ரசனை முக்கியம். இணைய விளையாட்டுகளை வடிவமைத்த ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க விரும்புவோர், புதியதைத் தேடித் துருவுவோர், பழக விரும்புவோர், பிறரை வீழ்த்துவதில் இன்பம் காண்போர். அது எழுத்துவழி இணைய விளையாட்டுகளைப் பற்றிய பிரிவு, உங்கள் ஊழியர்கள் மீது முத்திரை குத்துவதற்கானது அல்ல. ஆனால் ஒன்றை அது தெளிவாகக் காட்டுகிறது. போட்டி எல்லோருக்கும் இனிப்பதில்லை.

இது சுரண்டலுக்கு வழிவகுக்காதா?

இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. உபர் நிறுவனம், செயலியை அணைக்கப்போகும் ஓட்டுநரிடம் ‘இன்னும் சிறிது ஓட்டினால் இந்தத் தொகையைத் தொட்டுவிடலாம்’ என்று தூண்டுவது 2017இல் விரிவாக வெளிவந்தது. அமேசான் கிடங்குகளில் பொருள்களை எடுத்து வைக்கும் வேலையைத் திரையில் ஓடும் பந்தயமாகவும் டிராகன் விளையாட்டாகவும் மாற்றியது 2019இல் செய்தியானது. களைத்த உடல் ‘போதும்’ என்று சொல்லும் நேரத்தில், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கும் உத்தி யாருக்காக வேலை செய்கிறது?

நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. திட்டம் எப்படி இயங்குகிறது என்பதை ஊழியரிடம் முழுமையாகச் சொன்ன பிறகும் அது பலிக்குமா? ஒளித்தால்தான் பலிக்கும் என்றால் அது தூண்டில். அடுத்தது, கூடுதல் உழைப்பால் வரும் ஆதாயம் உழைத்தவருக்கும் போகிறதா? நிறுவனத்துக்குப் பணமும் ஊழியருக்குப் பேட்ஜும் என்று பங்கு பிரிந்தால் அது நியாயமில்லை. விளையாட்டு வினையாவது இங்கேதான்.

நான் ஊழியர். எங்கள் அலுவலகத் திட்டம் என்னை வாட்டுகிறது. என்ன செய்யலாம்?

‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதைவிட, அது வேலையை எங்கே கெடுக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். என்னிடம் பழைய டிக்கெட்டுகளைத் திறந்து காட்டிய அந்த மூத்தவர் செய்தது அதுதான். முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பேசுங்கள். பெயரைப் பொதுப் பலகையிலிருந்து எடுக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

மென்பொருள் வாங்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

வாங்காதீர்கள், தொடக்கத்திலாவது. 2012இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம், விளையாட்டாக்கப்பட்ட செயலிகளில் 80 சதவீதம் 2014க்குள் நோக்கத்தை எட்டாமல் போகும், முக்கியக் காரணம் மோசமான வடிவமைப்பு என்று கணித்தது. மென்பொருளால் வடிவமைப்பைச் சரிசெய்ய முடியாது.

முதலில் குழுவோடு உட்கார்ந்து, வேலையில் எந்த இடத்தில் சலிப்பு தட்டுகிறது, எந்த இடத்தில் பலன் தெரியாமல் சோர்ந்துபோகிறார்கள் என்று கேளுங்கள். பாதி நேரம் கிடைக்கும் பதிலுக்கு விளையாட்டே தேவைப்படாது. ‘நாங்கள் அனுப்பும் அறிக்கையை யாராவது படிக்கிறார்களா என்று தெரியவில்லை’ என்று ஒரு குழு சொன்னது. படிப்பவர் வாரம் ஒருமுறை இரண்டு வரி பதில் எழுத ஏற்பாடு செய்தோம், அதுவே போதுமானதாக இருந்தது.

விளையாட்டுதான் வேண்டும் என்று முடிவானால் விதிகளை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். சுவரில் ஒரு தாளும் நிறப் பேனாவும் போதும்.

சில வாரங்களில் சலித்துவிட்டால்?

சலிக்கும், அதில் தவறில்லை. ஒரே புதிரை ஆண்டு முழுவதும் யார் போடுவார்? ஆறு வாரம் என்று தொடங்கும்போதே முடிவுத் தேதியைச் சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன்பு பிழைகள் எத்தனை, தாமதம் எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேதி வந்ததும் தாளைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் சும்மா இருங்கள். அந்த மாதத்தில் பிழையும் தாமதமும் பழைய அளவுக்கே திரும்பினால் ஆட்டம் கவனத்தை மட்டுமே இழுத்தது, பழக்கத்தைத் தரவில்லை. யாராவது வந்து ‘அந்தத் தாளைத் திரும்ப மாட்டலாமா, இந்த முறை விதியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோம்’ என்று கேட்டால், பேனாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.